துரத்தல் சாவுகள்: போலீசு கற்றதும் மறந்ததும்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போலீஸ் வண்டி துரத்தி ஒருத்தர் செத்துப்போனால் மறுநாள் செய்தி எப்படி வரும்? தப்பி ஓட முயன்றவர் விபத்தில் பலி. இந்த ஒரு வரியில் மூன்று தீர்ப்பு இருக்கிறது. ஓடினான், ஓடினதால் குற்றவாளி, செத்தது விபத்து. துரத்தியவர் அந்த வாக்கியத்திலேயே இல்லை. இன்றைக்கு அமெரிக்காவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அங்கே இந்தச் சாவுகளைச் சிலர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். எண்ணினதால்தான் வாதாட முடிகிறது.

1979 டிசம்பர் 17, மயாமி. ஆர்தர் மெக்டஃபி என்ற கறுப்பர், வயது 33, முன்னாள் ராணுவ வீரர், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நள்ளிரவு தாண்டி மோட்டார் சைக்கிளில் போகிறார். போக்குவரத்து விதியை மீறினார் என்று டேட் கவுண்டி போலீஸ் துரத்துகிறது. எட்டு நிமிஷம். ஒரு டஜனுக்கு மேல் வண்டிகள். அவர் சிக்கியதும் மண்டையை உடைக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. கீழே கிடந்த மோட்டார் சைக்கிள் மேல் போலீஸ் காரை ஏற்றி நசுக்கிவிட்டு, விபத்து என்று அறிக்கை எழுதுகிறார்கள். நாலு நாளில் அவர் உயிர் போனது. இந்தக் காயங்கள் வண்டியிலிருந்து விழுந்து வந்தவை அல்ல என்று பிணப் பரிசோதனை மருத்துவம் சொன்னது. மயாமி ஹெரால்டு நிருபர் எட்னா புக்கானன் விஷயத்தைத் தோண்டி வெளியே கொண்டுவந்தார். வழக்கு டாம்பா நகருக்கு மாறியது. ஜூரி ஆறு பேரும் வெள்ளையர்கள். 1980 மே 17 அன்று போலீஸ்காரர்கள் விடுதலை. அன்றைக்கு மயாமி பற்றி எரிய ஆரம்பித்தது. 18 பேர் செத்தார்கள்.

அந்த ராத்திரி மோட்டார் சைக்கிள் மேல காரை ஏத்தணும்னு ஒருத்தனுக்குச் சட்டுன்னு தோணுச்சே, அதைக் கவனியுங்கள். தனி ஆளின் கொடூரம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. துரத்தலில் நடந்ததை விபத்தாக எழுதிவிடலாம் என்கிற அறிவு அந்தக் காக்கிச் சட்டைக்குள் ஏற்கெனவே இருந்திருக்கிறது. (அங்கே சட்டையின் நிறம் வேறு, விடுங்கள்.) போலீசு கற்றுக்கொள்ளவில்லை என்று நாம் சொல்வது சரியில்லை. எப்படி எழுதினால் மாட்டமாட்டோம் என்பதை முதலில் கற்றுக்கொள்கிறது. எப்போது துரத்தக் கூடாது என்பதைக் கற்க ரொம்ப வருஷம் ஆகிறது, அதுவும் தானாக நடப்பதில்லை.

அதே துறை, மெட்ரோ டேட் போலீஸ் என்று பெயர் மாறிய பிறகு, 1992இல் ஒரு விதி போட்டது. வன்முறை சார்ந்த கொடிய குற்றம் செய்தவரை மட்டும் துரத்தலாம். மற்றவரை விட்டுவிட வேண்டும். அடுத்த வருஷமே துரத்தல்கள் 82 சதவீதம் குறைந்தன. 1993இல் ஒமாஹா நகரப் போலீஸ் இதற்கு நேர்மாறாக விதியைத் தளர்த்தியது. அங்கே அடுத்த வருஷம் 600 சதவீதத்துக்கு மேல் கூடியது. ஜெஃப்ரி ஆல்பெர்ட் என்ற ஆய்வாளர் 1997இல் வெளியிட்ட கணக்கு இது. ரெண்டு ஊரிலும் ஒரே வருஷத்தில் மனுஷ சுபாவமா மாறிப்போச்சு? மாறியது ஒரு காகிதம். அப்படியானால் துரத்தல் சாவை விதி என்றோ விபத்து என்றோ சொல்ல இடமில்லை. அது ஒரு உத்தரவின் விளைவு.

வண்டிக்குள் இருப்பவனுக்கு நிதானம் இருக்காது. ஓடுகிறவனை விட்டுவிட்டால் அவமானம் என்று நினைப்பான், அதிலும் ஓடுகிறவன் கறுப்பன் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் வண்டிக்கு வெளியே, வயர்லெஸ்ஸில் கேட்டுக்கொண்டிருக்கும் மேலதிகாரியிடம் இருக்க வேண்டும் என்கிறார்கள். இன்னொன்று, சாவில் முடிந்த துரத்தலை மட்டும் விசாரித்தால் ஒன்றும் விளங்காது. யாரும் சாகாமல் முடிந்ததையும் சேர்த்து ஒவ்வொன்றையும் பதிவு செய்ய வேண்டும். எதற்காகத் தொடங்கியது, எத்தனை வேகம், யாரிடம் சொன்னார்கள், அவர் என்ன பதில் சொன்னார்? உண்மை அறியும் குழுவில் போகிற தோழர்கள் இந்தக் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவு நடந்த இடத்தை மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். துரத்தல் தொடங்கிய இடத்துக்கும் போங்கள்.

நீதிமன்றம் கற்றுக்கொடுக்குமா என்றால், 1998இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்த 16 வயதுப் பையன் மேல் துரத்திவந்த போலீஸ் கார் மோதிச் செத்தான். போலீசுக்குக் கெடுதல் செய்யும் நோக்கம் இருந்தாலொழிய அரசியல் சட்ட உரிமை மீறப்பட்டதாகாது என்று தீர்ப்பு. அரசாங்கக் கணக்கும் ஓட்டைதான். சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகை 2024இல் தானே எண்ணியது. 2017 முதல் 2022 வரை குறைந்தது 3,336 சாவு. அதில் 551 பேர் வெறுமனே தெருவில் இருந்தவர்கள். கறுப்பர்கள் சாகும் விகிதம் வெள்ளையரைப் போல நாலு மடங்கு. அரசாங்கப் பதிவேட்டில் இவற்றில் நூற்றுக்கணக்கான சாவுகள் இல்லவே இல்லை.

கற்ற பாடம் மறந்தும் போகும். மில்வாக்கி நகரில், சம்பந்தமில்லாத நாலு பேர் துரத்தல்களில் செத்ததும் 2010இல் விதியை இறுக்கினார்கள். 2017இல் மறுபடி தளர்த்தினார்கள். அந்த வருஷம் 369 துரத்தல், அடுத்த வருஷம் 940. 2018இல் துரத்திப்போன வண்டி கவிழ்ந்து ஒரு இளம் போலீஸ்காரரும் செத்தார். இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. தளர்த்தச் சொல்லி அழுத்தம் கொடுத்தது போலீசு மட்டுமில்லை. திருட்டுக் கார்கள் தெருவில் தறிகெட்டு ஓடுவதைப் பார்த்துச் சலித்த மக்களும் கேட்டார்கள். அவர்களுடைய பயம் பொய் இல்லை. அந்தப் பயத்துக்குப் போலீசு கையில் வைத்திருந்த ஒரே பதில் இன்னும் வேகமாகப் போவது.

கடைசியாக வாஷிங்டன். 2020 அக்டோபரில் 20 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் ஹெல்மெட் இல்லாமல் நடைபாதையில் மொபெட் ஓட்டினார். போக்குவரத்து மீறலுக்காகத் துரத்தக் கூடாது என்று அந்தத் துறையின் விதி அப்போதே இருந்தது. துரத்தினார்கள். சந்திலிருந்து வெளியே வந்தபோது ஒரு வேன் மோதிச் செத்தார். மேலதிகாரிகளிடம் விஷயத்தைச் சிறிதாக்கிச் சொன்னார்கள். 1979இன் அதே பாடம், இந்தத் தடவை நசுக்க மோட்டார் சைக்கிள் தேவைப்படவில்லை. ஆனால் 2022 டிசம்பரில் ஜூரி ஒருவரைக் கொலைக்கும், அவருடைய மேலதிகாரியையும் சேர்த்து இருவரையும் உண்மையை மறைத்ததற்கும் குற்றவாளிகள் என்றது. 2024இல் தண்டனை வந்தது. 2025 ஜனவரியில், பதவியேற்ற மூன்றாம் நாள், ஜனாதிபதி டிரம்ப் இருவருக்கும் மன்னிப்பு வழங்கினார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்க தோழர்களே.