தாய்மார் மேல் சுமத்தப்பட்ட பழி



கோயில் வீதியிலே ஐந்து வயதுப் பிள்ளையொன்று தாயுடன் நிற்கின்றது. மேளம் முழங்கத் தொடங்கியதும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுந்து புரண்டு கதறுகின்றது. தூக்க வந்த தாயின் கையைக் கடிக்கின்றது. சுற்றி நிற்போரின் பார்வை தாயின் மேலேயே விழுகின்றது. "வளர்த்த வளர்ப்பு அப்படி" என்கிறார் ஒருவர். "தாய் உத்தியோகம் பார்த்தால் பிள்ளை இப்படித்தான்" என்கிறார் மற்றொருவர்.

இப்பழியை ஊரார் மட்டும் சுமத்தவில்லை. விஞ்ஞானத்தின் பெயரால் கற்றோரும் சுமத்தினர். அவ்வரலாற்றை அறிந்துகொள்வது அத்தாய்க்கு ஆறுதல் தரும்.

அமெரிக்காவின் போல்ரிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் சிறுவர் உளமருத்துவராக விளங்கியவர் லியோ கானர். 1943ஆம் ஆண்டில் அவர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறரோடு ஒட்டாமல் தம்முள்ளே ஒடுங்கியிருத்தல், கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்லுதல், அன்றாட ஒழுங்கில் சிறு மாற்றத்தையும் பொறுக்க மாட்டாமை ஆகியன அப்பிள்ளைகளிடம் காணப்பட்டன. ஓட்டிசம் என்றும் மதியிறுக்கம் என்றும் நாம் இன்று வழங்குவது இதனையே. இது பிறவியிலேயே அமைந்ததாகலாம் என்று கானர் அன்றே எழுதினார். ஆயினும், பெற்றாரிற் பலர் அன்பை வெளிக்காட்டாதவர்கள் என்றும் அதே கட்டுரையிற் குறிப்பிட்டார். முன்னையதை உலகம் மறந்தது, பின்னையதைப் பற்றிக்கொண்டது. 1967இல் சிக்காகோவிலே பாடசாலையொன்றை நடத்திய புரூனோ பெற்றல்ஹைம் என்பவர், பிள்ளை இல்லாதிருந்தால் நன்று என்று பெற்றார் உள்ளத்தில் எண்ணுவதே இந்நிலையைத் தூண்டுகின்றதென நூல் எழுதினார். படித்த தாய்மார் பலர் அக்காலத்திலே தம்மைத் தாமே குற்றவாளிகளாகக் கருதி மனம் நொந்தனர். (தந்தைமார் மேல் இப்பழி அவ்வளவாக விழவில்லை. அவர்களும் வீட்டில் இருந்தார்கள் என்பது எவருக்கும் நினைவில்லைப் போலும்!)

அதற்கு முன்னரே, 1964இல், பேர்ணாட் றிம்லண்ட் என்பவர் இதற்கு மறுப்பு எழுதியிருந்தார். அவர் அமெரிக்கக் கடற்படையிற் பணியாற்றிய உளவியலாளர். இத்தகைய பிள்ளையொன்றின் தந்தையும் ஆவார். 1969இல் பெற்றார் சங்கமொன்றின் கூட்டத்தில் கானரே எழுந்து, பெற்றாரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாகக் கூறினார். 1977இல் சூசன் போல்ஸ்ரைன், மைக்கல் றட்டர் ஆகிய இருவரும் பிரித்தானியாவில் 21 சோடி இரட்டையரை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளுள் நான்கில் இரு பிள்ளைகளுக்கும் ஓட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவிலிருந்து வந்த 10 சோடிகளுள் ஒன்றிலேனும் அவ்வாறு இருக்கவில்லை. இரு வகையினரையும் வளர்த்தோர் தாய்மாரே. வளர்ப்புத்தான் காரணமெனில் இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றும்? மூளையின் வளர்ச்சியிலும் பரம்பரையிலுமே காரணத்தைத் தேடவேண்டும் என்பது அதன் பின் உறுதியாயிற்று.

காரணம் தாயல்லள் என்றால், அவள் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? நிறைய உண்டு. ஒரு கொப்பியை எடுத்து, பிள்ளை கதறும் ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன் என்ன நிகழ்ந்தது, கதறிய பின் அதற்கு என்ன கிடைத்தது என்று எழுதி வாருங்கள். இரண்டு வாரத்தில் ஒழுங்கொன்று புலப்படக்கூடும். "தண்ணீர்" என்று சொல்லத் தெரியாத பிள்ளை தலையைச் சுவரில் மோதும்போது தண்ணீர் கிடைக்குமாயின், மோதுவதே அதன் மொழியாகிவிடும். அதற்குப் பதிலாகக் குவளையின் படத்தைத் தொட்டுக் காட்டப் பழக்குங்கள். தொட்டவுடனே தண்ணீர் கொடுங்கள். அன்றாடக் கருமங்களைப் படங்களாக வரைந்து வரிசையாகச் சுவரில் ஒட்டிவிட்டால், அடுத்து வருவது யாதென்ற கலக்கம் குறையும். மேள ஓசை சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தாங்கொணாத வேதனை. பூசை முடிந்து கூட்டம் கலைந்த பின் கோயிலுக்கு அழைத்துச் செல்லலாம். அடி ஒருபோதும் பயன் தராது. பயத்தை மட்டுமே அது கற்பிக்கும்.

நூல் கட்டுவதையும் பார்வை பார்ப்பதையும் நான் குறை கூறவில்லை. அவற்றிலேயே ஓராண்டைக் கழித்துவிடுவதுதான் ஆபத்து. ஒரு வயதாகியும் சுட்டிக் காட்டாத பிள்ளை, 16 மாதமாகியும் ஒரு சொல்லும் பேசாத பிள்ளை, இரண்டு வயதிலும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளை பற்றி உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் தயங்காமற் கூறுங்கள். முதலிற் செவிப்புலனைச் சோதிப்பித்தல் வேண்டும். காது கேளாத பிள்ளையையும் பிடிவாதக்காரன் என்று சொல்லிவிடுவோர் உளர். கொழும்பிலுள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலே சிறுவர் உளமருத்துவர்கள் இருக்கின்றனர். ஓட்டிசத்தை அடியோடு மாற்றும் மருந்து எதுவும் இல்லை. அப்படி ஒன்று உண்டெனப் பணம் கேட்போரை நம்பாதீர்கள். பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் எவ்வளவு இளமையிலே தொடங்குகின்றனவோ அவ்வளவுக்கு நன்று.

இனி, அயலிலும் உறவிலும் உள்ளோருக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய பிள்ளைகளுட் பலர் இரவில் நெடுநேரம் உறங்குவதில்லை. ஆகவே தாயும் உறங்குவதில்லை. புத்திமதி சொல்லச் செல்லும் நேரத்தில், ஒரு மணி நேரம் பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருங்கள். அந்த ஒரு மணி நேரம் அவள் படுத்துறங்கட்டும்.