திருச்சி தந்த உயிரியல் ஆய்வு



ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, திருச்சி ஊரைக் கடந்து புதுக்கோட்டை சாலையில் போனால் பாரதிதாசன் பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியராக இருந்தவர் எம். ஏ. அக்பர்ஷா. இனப்பெருக்க உயிரியல் அவருடைய துறை.

விந்தகத்தில் உருவாகும் விந்தணுவுக்கு முதலில் நீந்தத் தெரியாது. எபிடிடைமிஸ் என்ற மெல்லிய குழாய் வழியே நாள்கணக்கில் நகர்ந்துதான் அது முதிர்ச்சி அடைகிறது. சுருண்டு கிடக்கும் அந்தக் குழாயைப் பிரித்து நீட்டினால், மனிதரில் ஏறத்தாழ 6 மீட்டர். ஒரு புடவை நீளம்! மருந்துகளும் நச்சுப் பொருள்களும் அந்தக் குழாயை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய்ந்தார் அக்பர்ஷா.

அவர் ஆராய்ந்தது இதை மட்டுமல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈர மண்ணுக்குள் சிசிலியன் என்றொரு பிராணி வாழ்கிறது. தவளைக்கு உறவு, ஆனால் கால்கள் கிடையாது. நம் இனத்தில் ஆண் கருவில் முல்லேரியன் நாளம் என்ற குழாய் மறைந்துவிடும். சிசிலியன் ஆணிலோ அது மறையாமல், சுரப்பியாக வேலை செய்கிறது. கேரள ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்தச் சுரப்பியின் நுண்ணமைப்பையும் அக்பர்ஷா ஆராய்ந்தார்.

2009இல் அதே பல்கலைக்கழகத்தில் மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையம் தொடங்கப்பட்டது. சோதனை விலங்குகளுக்குப் பதிலாகச் செல் வளர்ப்பு, கணினி போன்ற மாற்று வழிகளை வளர்ப்பது அதன் நோக்கம். அதற்குத் தலைமை ஏற்றவரும் அவரே.

உயிர் பிறக்கும் விதத்தை ஆராய்ந்தவர், உயிர்களின் வலியையும் எண்ணிப் பார்த்தார். அறிவோடு கருணையும் சேர்ந்தால்தான் அறிவியல் முழுமை பெறும். அறிவியல் படிக்கும் பிள்ளைகள் இதை மனதில் வைக்க வேண்டும்.