நாணல் தந்த இனிப்பு

புரட்டாசி மாதத்தில் தில்லி யமுனைக் கரையில் நாணல் வெண்ணிறமாகப் பூத்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். களை என்று நாம் கடந்துபோகும் அப்புல், நாம் அருந்தும் காப்பியின் சர்க்கரைக்கு நெருங்கிய உறவு ஆகும்.

முன்னாளில் வடநாட்டில் விளைந்த கரும்பு மெலிந்தது. குளிரைத் தாங்கும், ஆயினும் சாறு குறைவு. வெப்பநாட்டுப் பருங்கரும்பு சாறு மிக்கது. வடக்கின் குளிருக்கு நில்லாது. இருவகைக் குணங்களையும் ஒரே பயிரில் சேர்க்கப் பூவும் விதையும் வேண்டும். வடக்கில் கரும்பு விதை கொள்வது அரிது. கோயம்புத்தூரிலோ அது நன்றாகப் பூக்கும். ஆகவே 1912-ஆம் ஆண்டில் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. பார்பர் என்ற ஆங்கில அறிஞரும், டி. எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்னும் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்தனர். முளைத்த நாற்றுகளுள் பலவற்றைக் கழித்துச் சிலவற்றையே தேர்ந்தனர். அவற்றுள் ஒன்றான கோ 205, 1918-இல் பஞ்சாப் வயல்களுக்குச் சென்றது. உள்ளூர்க் கரும்பினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது. நம்மைப் போலவே தெற்கே பிறந்து வடக்கே குடியேறிய பயிர் அது!

தேர்ந்தெடுப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. கரும்பை விதையிட்டு வளர்ப்பதில்லை. கரணை வெட்டி நடுகிறோம். ஒரு வகையின் கரும்புகள் யாவும் ஒரே செடியின் நகல்களே. அதன் வலிமை எல்லா வயலுக்கும் உரியது, பலவீனமும் அவ்வாறே. 2009-இல் வெளியான கோ 0238 உத்தரப்பிரதேச உழவருக்குப் பெரும் வருவாய் தந்தது. மாநிலத்தின் கரும்பு நிலத்தில் பெரும்பகுதியை அதுவே நிரப்பியது. பின்னர்ச் செவ்வழுகல் நோய் அவ்வகையைப் பற்றியபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் கலங்கினர்.

ஆகவே, நல்லதைத் தேர்ந்தெடுக்கும் நாம், தேராமல் விட்டவற்றையும் காத்தல் வேண்டும். கண்ணூரில் கரும்பு வகைகளையும் அவற்றின் காட்டு உறவுகளையும் வளர்த்துப் பேணும் நிலையம் இதற்காகவே இயங்குகிறது. நாளை வரும் நோய்க்கு மாற்று, இன்று நாம் பொருட்படுத்தாத ஏதோ ஒரு புல்லில் இருக்கலாம். அடுத்த முறை யமுனைக் கரையில் நாணலைக் காணும்போது, சற்று நின்று பாருங்கள்.