கிரகணத்தன்று கேள்வி கேட்கும் உரிமை

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மத நம்பிக்கையும் பகுத்தறிவும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். ஒரு மாலைப் பொழுதில் எல்லா மதங்களையும் அளந்துவிட முடியாது. அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கிரகணம். சூரியன் எல்லா மதத்தாருக்கும் பொது. அது மறைந்தபோது ஒவ்வொரு மதமும் என்ன சொன்னது, காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களை எப்படி நடத்தியது என்று பார்ப்போம்.

முதலில் என் வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். முனைவர் பட்ட ஆய்வுக்கு அப்போதுதான் பதிவு செய்திருந்தேன். கிரகணம் பார்க்கும் கண்ணாடிகள் நான்கைந்து வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். வீட்டில் கதவு, சன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அக்கா ஆறு மாதக் கர்ப்பிணி. அம்மா அவரை உள் அறையில் உட்கார வைத்திருந்தார். சமைக்கவில்லை, தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை. எனக்குக் கோபம் வந்தது. "இதெல்லாம் மூடநம்பிக்கை. நிலாவோட நிழல் விழுது, அவ்வளவுதான்" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தேன்.

அம்மா கதவைத் திரும்பச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நெழலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்ப்பா. நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, கிரகணத்துல வெளிய விட்டியான்னு உன்னையவா கேப்பாங்க? என்னையத்தான கேப்பாங்க."

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. நான் கண்ணாடியோடு வெளியே போய்விட்டேன். அந்தக் கேள்வி மட்டும் என்னோடேயே வந்தது. அதை இங்கே வைத்துவிட்டு, கொஞ்சம் வரலாற்றுக்குள் போய் வருகிறேன்.

பௌத்தத்திலிருந்து ஆரம்பிக்கலாம். மரபு சொல்கிறது, நூல் சொல்கிறது, ஆசான் சொல்கிறார் என்பதற்காக மட்டும் எதையும் ஏற்காதீர்கள் என்று காலாமர்களுக்குப் புத்தர் சொன்னதை நாம் மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் அதே பாலித் திரிபிடகத்தில், சம்யுத்த நிகாயத்தில், ராகு பிடித்துக்கொண்ட சந்திரனும் சூரியனும் புத்தரைச் சரணடைந்து விடுதலை பெறுகிற கதையும் இருக்கிறது. இரண்டும் ஒரே திரட்டில்தான் உள்ளன.

இஸ்லாத்தைப் பாருங்கள். நபிகளின் சிறு வயது மகன் இப்ராஹிம் இறந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்தப் பிள்ளைக்காகத்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். யாருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் சூரிய சந்திரர் மறைவதில்லை, அவை இறைவனின் அத்தாட்சிகள் என்று நபிகள் மறுத்ததாக ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. துக்கத்தில் இருக்கிற ஒரு தகப்பனின் வாயிலிருந்து வந்த மறுப்பு அது. பின்னால் வந்த கஸ்ஸாலி (1058–1111) தத்துவவாதிகளைக் கடுமையாகத் தாக்கியவர். அவர்கூட, கிரகணத்துக்கு வானியலார் சொல்லும் காரணம் கணிதத்தால் நிரூபிக்கப்பட்டது, மதத்தின் பெயரால் அதை மறுப்பவர் மதத்துக்குத்தான் கேடு செய்கிறார் என்று எழுதினார். அதே இஸ்லாமிய உலகில்தான், கஸ்ஸாலிக்கு மறுப்பு எழுதிய இப்னு ருஷ்து, கொர்தோபாவின் நீதிபதியாக இருந்த மனிதர், 1195இல் நாடு கடத்தப்பட்டார். அவருடைய தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன.

கிறித்தவத்திலும் இதே இரட்டை நிலைதான். வானத்தைப் பற்றி விவரம் தெரியாமல் வேதாகமத்தின் பெயரால் உளறினால், கேட்பவர் வேதாகமத்தையே சிரிப்பார் என்று புனித அகஸ்டின் எச்சரித்திருந்தார். கலிலியோ அதையே தனக்குச் சாட்சியாகக் காட்டினார். அப்படியும் 1633இல் திருச்சபை அவரை மண்டியிட வைத்தது. தவறு நடந்துவிட்டது என்று போப் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1992இல்.

ஆக, எந்த மதத்தின் நூலைப் புரட்டினாலும் அறிவுக்கு இடம் தருகிற ஒரு பக்கமும், அதை அடக்குகிற ஒரு பக்கமும் கிடைக்கும். 'எங்கள் மதம் அறிவியல்பூர்வமானது' என்று யார் வந்து சொன்னாலும், அந்த ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஆரியபடர் கிபி 499ஐ ஒட்டி எழுதிய நூலில், நிலாவின் நிழலும் பூமியின் நிழலுமே கிரகணத்துக்குக் காரணம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். 628இல் பிரம்மகுப்தர் எழுதினார். கிரகணத்தைக் கணக்கிடுவதில் பெரிய கெட்டிக்காரர். ஆனால் அதே நூலில், ராகு இல்லை என்று சொன்ன ஆரியபடர் போன்றவர்களைக் கண்டிக்கிறார். வேதமும் ஸ்மிருதியும் சொல்வதை எப்படி மறுக்கலாம் என்பது அவருடைய வாதம். சுமார் 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி இதைப் படித்துத் திகைத்துப் போகிறார். உண்மை தெரிந்த மனிதர் மனச்சாட்சிக்கு விரோதமாக ஏன் இப்படி எழுதினார் என்று கேட்டுவிட்டு, சாக்ரடீசுக்கு நேர்ந்தது தனக்கும் நேரும் என்ற அச்சமாக இருக்கலாம் என்று அவரே பதிலும் சொல்கிறார்.

அச்சத்துக்குக் காரணம் இருந்தது. தர்க்கத்தை வைத்து வேதத்தையும் ஸ்மிருதியையும் மதிக்காதவரை நாத்திகர் என்று விலக்கி வைக்கச் சொல்கிறது மனு. கேள்வி கேட்ட பார்ப்பனருக்கே இந்தத் தண்டனை. சூத்திரர் வேதத்தைக் காதால் கேட்பதே குற்றம். பிரம்மசூத்திரத்துக்கு உரை எழுதிய ஆதிசங்கரர் அந்தத் தடையை ஆதரித்து எழுதியிருக்கிறார். சாதிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

இங்கேதான் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கச் சொல்கிறேன். கலிலியோவிடம் திருச்சபை சொன்னது, 'இதைச் சொல்லாதே' என்று. இப்னு ருஷ்துவிடம் அரசவை சொன்னதும் அதுதான். பார்ப்பனியம் அதோடு நிற்கவில்லை. 'நீ யார் இதைத் தெரிந்துகொள்ள?' என்று பிறப்பைக் கேட்டது. கணக்குத் தெரிந்தவர்களும் பரிகாரம் சொல்பவர்களும் ஒரே கூட்டமாக இருந்தார்கள். கிரகணம் எந்த நாளில், எந்த நாழிகையில் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த நேரத்தில் தானம் கொடுத்தால் பெரும் புண்ணியம் என்று சொன்னவர்களும் அவர்களே. கிரகண நாளில் மன்னர்கள் பார்ப்பனர்களுக்கு நிலம் தானம் செய்த கல்வெட்டுகளும் செப்பேடுகளும் ஏராளம். அதில் வரும் கிரகணத்தை வைத்துத்தான் இன்றைய ஆய்வாளர்கள் பல கல்வெட்டுகளுக்குத் தேதி குறிக்கிறார்கள்.

மகாராஷ்டிரத்தில் கிரகணம் விடும் நேரத்தில் தானம் கேட்டுத் தெருவில் குரல் கொடுக்கும் வழக்கம் மாங் சாதியினர் மீது சுமத்தப்பட்டிருந்தது. ராகுவே அந்தச் சாதி என்று கதையும் கட்டினார்கள். ஒரே கிரகணம். ஒருவருக்குத் தானமாக ஊர் கிடைத்தது, இன்னொருவருக்கு ஊராரின் தீட்டைச் சுமக்கும் வேலை கிடைத்தது. ராகு கதையை வெறும் அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியாததற்குக் காரணம் இதுதான்.

பிற மதங்களில் சாதி இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேவாலயத்துக்குள்ளும் கல்லறையிலும் சாதிச் சுவர் எழுப்பிய ஊர் இது. இந்த மண்ணில் எந்த மதம் வேர் பிடித்தாலும் சாதி அதைப் பற்றிப் படர்ந்துவிடுகிறது.

அண்ணல் அம்பேத்கரின் வழி இங்கேதான் நமக்கு வேண்டியிருக்கிறது. 1950இல் எழுதிய கட்டுரையில், மதம் நிலைக்க வேண்டுமானால் அது பகுத்தறிவோடு பொருந்த வேண்டும் என்றார். பௌத்தத்தை ஏற்கும்போதும் அப்படியே விழுங்கவில்லை. மூப்பையும் நோயையும் பிணத்தையும் முதன்முதலாகப் பார்த்து சித்தார்த்தர் வீட்டை விட்டுப் போனார் என்ற பழைய கதையை, அறிவுக்குப் பொருந்தவில்லை என்று ஒதுக்கினார். அதே நேரம், 1956 மே மாதம் பிபிசி வானொலியில் பௌத்தத்தை ஏன் விரும்புகிறேன் என்று பேசியபோது பிரக்ஞை, கருணை, சமத்துவம் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னார். பிரக்ஞை என்றால் மூடநம்பிக்கைக்கு எதிரான தெளிவு. அதை மட்டும் அவர் தனியாக நிறுத்தவில்லை.

பிரம்மகுப்தரிடம் அறிவு இருந்தது, சமத்துவம் இல்லை. 2019இல் கதவைத் திறந்த என்னிடமும் அறிவு இருந்தது. கருணை இருந்ததா என்று கேட்டால் தலை குனிய வேண்டியிருக்கிறது.

என் அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் இல்லை. அவர் ராகுவை நம்பியதைவிட, பழி தன் தலையில் விழும் என்பதை உறுதியாக நம்பினார். அவருடைய அனுபவத்தில் அது உண்மை. ஏழைப் பெண்ணின் பிள்ளைக்கு ஏதாவது குறை என்றால் ஊர் அவளைத்தான் கேட்கும். மருத்துவமனையிலும் 'என்ன செஞ்சீங்க?' என்று அதட்டலாகத்தான் விசாரிப்பார்கள். அந்தப் பயத்தைத் தொடாமல், நிழலை மட்டும் விளக்கிவிட்டு வருவதற்குப் பெயர் பகுத்தறிவுப் பிரச்சாரம் என்றால், அது பாதி வேலைதான்.

அன்று நான் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குத் திரும்பினேன். எலுமிச்சம் பழத்தையும் டார்ச் லைட்டையும் எடுத்து, இருட்டாக இருந்த அந்த அறையிலேயே சுவரில் நிழல் விழுவதைக் காட்டினேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நிலா அவ்வளவு சின்னது, சூரியன் எப்படி மறையும்? இரவில் வருகிற நிலா பகலில் எப்படிக் குறுக்கே வந்தது? எல்லாமே நல்ல கேள்விகள். ஒன்றிரண்டுக்கு நானே தடுமாறினேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் கேட்க முடியாமல் இருந்த கேள்விகள் அவை. கடைசியில் கண்ணாடியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தார். வளையம் முடிந்து சூரியன் பிறையாக இருந்தது. "அட, ஆமா" என்றார், அவ்வளவுதான்.

அக்காவை வெளியே விடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஒரு சொம்பு தண்ணீரை மட்டும் அம்மாவே கொண்டுபோய் அவருக்குக் குடிக்கக் கொடுத்தார்.

தோழர்களே, அடுத்த கிரகணத்துக்கு நீங்கள் மீம் போடுவீர்கள். போடுங்கள், கோயிலை அடைத்துவிட்டுப் பரிகாரச் சீட்டு விற்பவர்களைப் பார்த்துப் போடுங்கள். இயற்பியல் படித்துவிட்டு கிரகணம் முடிந்ததும் தலைக்குக் குளிப்பவர்களையும் விடாதீர்கள். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் நம் அம்மாக்களிடம் மட்டும் ஒரு எலுமிச்சம் பழத்தோடு போங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நேரம் கொடுங்கள்.