இப்போது என்ன நூல் படிக்கின்றீர்?

(சேவுகம்பட்டியில் நூலன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



தமிழர் இருவர் வழியிற் கண்டால் ஒருவரையொருவர் வினவிக்கொள்ளும் வினாக்கள் பல. மழை உண்டா என்பர். தேங்காய் என்ன விலை போகிறது என்பர். பிள்ளைக்கு வேலை கிடைத்ததா என்பர். இவையெல்லாம் வாழ்வுக்கு வேண்டிய வினாக்களே. ஆயின், "இப்போது என்ன நூல் படிக்கின்றீர்?" என்று கேட்பார் எத்துணைப் பேர்? அப்படியே ஒருவர் கேட்டுவிட்டாலும், விடை சொல்ல வேண்டியவர் பத்தாண்டுக்கு முன் படித்த ஒரு நூலின் பெயரைச் சொல்லித் தப்பிக்கொள்வதன்றோ நடைமுறை!

இந்த ஒரு வினா உரிய நேரத்தில், உரியவரிடம் கேட்கப்பட்டதால் தமிழுக்கு விளைந்த நன்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1880ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள். குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்து ஓராண்டும் நிரம்பாத இளைஞர் ஒருவர், அவ்வூருக்குப் புதிதாக வந்திருந்த முறைமன்ற நடுவர் ஒருவரைக் காணச் சென்றார். சென்றவர் 25 அகவையினரான உ.வே. சாமிநாதையர். இருந்தவர் சேலம் இராமசாமி முதலியார். திருவாவடுதுறை மடத்தலைவர் சுப்பிரமணிய தேசிகர் சொல்லியனுப்பியதன் பேரில் நிகழ்ந்த சந்திப்பு அது. யாரிடம் பாடங் கேட்டீர் என்றார் நடுவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் என்றார் இளைஞர். அப்பெயரைக் கேட்டவுடன் எதிரிலிருப்பவர் வியந்து எழுவார் என்பது இளைஞரின் எதிர்பார்ப்பு. நடுவர் வியக்கவில்லை. என்னென்ன நூல் படித்தீர் என்று மட்டும் அடுத்துக் கேட்டார்.

இளைஞர் அடுக்கத் தொடங்கினார். அந்தாதிகள் இத்தனை, பிள்ளைத்தமிழ் இத்தனை, கோவை, உலா, கலம்பகம் இத்தனை, தலப் புராணங்கள் இத்தனை, நைடதம் உண்டு, கம்பரும் உண்டு. கேட்டவர் முகத்தில் சிறு மலர்ச்சியும் இல்லை. இவையெல்லாம் பிற்காலத்து நூல்கள். இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணி உண்டா? சிலப்பதிகாரம் உண்டா? மணிமேகலை உண்டா? எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் பெரும்புலவரிடம் ஆண்டுக்கணக்காகப் பயின்று, கல்லூரியில் ஆசிரியர் இருக்கையிலும் அமர்ந்துவிட்ட ஒருவர் அந்நூல்களைக் கண்ணாற் கண்டதும் இல்லை!

அது அவர் ஒருவருடைய குறையன்று என்பதை உணர்தல் வேண்டும். அந்நாளில் தமிழ் கற்பிக்கப்பட்ட முறையே அவ்வாறு இருந்தது. மடங்களில் எவை வழங்கினவோ அவையே நூல்கள். அவற்றுக்கு அப்பால் ஒரு பெருங்கடல் கிடப்பது கரையில் நின்றோர்க்குத் தெரியாது. ஏடுகள் பரணில் கிடந்தன. செல்லும் பூச்சியும் அவற்றைப் படித்துக்கொண்டிருந்தன.

இங்கே நடுவர் இருவகையாற் பெருமைக்குரியவர். ஒன்று, விடையைக் கேட்டு எள்ளி நகையாடி அனுப்பிவிடவில்லை. தாளில் எழுதப்பட்ட சிந்தாமணிப் படி ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். மற்றொன்று, அதனைத் தமக்குப் பாடஞ் சொல்லுமாறு வேண்டினார். நீர் படியும் என்று கட்டளையிடுவது எளிது. இருவரும் சேர்ந்து படிப்போம் என்பது அரிது. பின்னவராகவே இருந்தார் இராமசாமி முதலியார். பெரிய பதவியிலிருந்தவர், அரசர் மொழியாகிய ஆங்கிலத்தில் வல்லவர், ஓய்வு கிடைத்த போதெல்லாம் பழந்தமிழ் ஏட்டின் முன் மாணவராக அமர்ந்தார். இன்றைய பதவியாளர் கேட்கட்டும்.

படிக்கத் தொடங்கியபின்தான் இடர்ப்பாடு வெளிப்பட்டது. பாட்டு ஒருபுறம் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரையோ மேற்கோள்களை அள்ளி வீசுகிறது, எந்நூலிலிருந்து எடுத்தது என்று சொல்வதில்லை. சமணக் கொள்கைகளோ சிவநெறியில் வளர்ந்த ஆசிரியருக்குப் புதியவை. யாரிடம் கேட்பது?

அந்நேரத்தில்தான் குடந்தையிலேயே வாழ்ந்த சமணர்களிடம் அவர் சென்றார். சென்ற இல்லம் தோரணம் கட்டி அணிசெய்யப்பட்டிருந்தது. என்ன விழா என்று வினவினார். சிந்தாமணியை ஆறு திங்களாகப் படித்து வந்தோம். இன்று நிறைவுறுகிறது என்றனர்! கல்லூரிக்கும் மடத்துக்கும் எட்டாத நூலை, சந்திரநாத செட்டியார் போன்றோர் தம் தெருவில், தம் கூடத்தில், ஆண்டாண்டாகக் கூடிப் படித்தும் கேட்டும் வந்திருக்கின்றனர். புலவர் அவர்களிடம் அமர்ந்து பொருள் கேட்டார். அவர்களும் மறைக்காமல் சொன்னார்கள். தமக்குத் தெரியாததை இல்லறத்தாரிடம் கேட்பதைத் தாழ்வாக எண்ணாத அப்பண்பை உ.வே.சா.வின் தமிழ்ப்பணிகளிற் சிறியதாக எண்ணற்க.

விளைவு? 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டு. 1892இல் சிலப்பதிகாரம். 1894இல் புறநானூறு. 1898இல் மணிமேகலை. இராமசாமி முதலியார் அன்று வாய் திறந்திராவிட்டால் பழந்தமிழ் நூல்கள் அனைத்தும் அழிந்தே போயிருக்கும் என்பது மிகை. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரனார் தம் வழியே உழைத்து, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஆனால் அழிந்துகொண்டிருந்த ஏடுகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் அரிய ஆண்டு. அந்த ஆண்டுகளை மீட்டுக் கொடுத்தது ஒரு நண்பர் உரையாடல்.

இனி இப்பக்கத்துச் செய்திக்கு வருவோம். சேவுகம்பட்டிக்கு அருகிலுள்ள பட்டிவீரன்பட்டியில் தோன்றியவர் ஊ.பு.அ. சவுந்தரபாண்டியனார், 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் தன்மதிப்பு மாநாட்டின் தலைவர். அவ்வியக்கத்தின் இதழாகிய 'குடியரசு' 1925இல் தொடங்கிற்று. அதனை விலை கொடுத்து வாங்கியோரினும் காதாற் கேட்டோரே மிகுதி. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் படிப்பகத் திண்ணையிலும் எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பலர் சூழ்ந்து கேட்டு, மறுத்தும் உடன்பட்டும் பேசுவர். கூட்டாகப் படித்தல் என்பது கற்றோர்க்கு மட்டும் உரிய இன்பமன்று என்பதைக் காட்டியவை அத்திண்ணைகள்.

மற்றோர் அண்டையூர் வத்தலக்குண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய இராசமையர் அவ்வூரினர். 'எழுத்து' இதழை 1959 முதல் 1970 வரை நடத்திய சி.சு. செல்லப்பாவும் அவ்வூரில் வளர்ந்தவரே. அவர்தம் நடையில் வடசொல் மலிந்திருப்பது தனித்தமிழ் அன்பர்க்கு உறுத்தும், உறுத்தவே வேண்டும். ஆயினும் தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே மூட்டையாகச் சுமந்து, கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்ற அந்த உழைப்பை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. கொள்கையால் வேறுபட்டவர் நூலைப் படியாமலே மறுப்பது சோம்பல். படித்து, இன்ன பக்கத்தில் இன்ன சொல்லுக்கு இன்ன தமிழ்ச்சொல் இருந்தும் ஆளப்படவில்லை என்று காட்டுவதே மறுப்பு. நூலன்பர் கூட்டங்கள் பலவும் ஓராண்டுக்குள் கலைந்துபோவதற்குக் காரணம் யாது? ஒரே வகை நூலை ஒரே வகையாகப் புகழ்ந்து, கேட்போர்க்குப் புதியது ஒன்றும் இல்லாமற் போவதேயாகும்.

மறைமலையடிகளை எடுத்துக்கொள்க. தனித்தமிழ் இயக்கத்தை 1916இல் தொடங்கியவர் தமிழ்நூல் மட்டுமா படித்தார்? வடநூலும் ஆங்கில நூலும் மெய்ப்பொருளியலும் மருத்துவமும் அவர் பேழைகளில் இருந்தன. தம் நாட்குறிப்பை அவர் ஆங்கிலத்திலேயே எழுதி வந்தார் என்பது கேட்போரைத் திடுக்கிடச் செய்யும், உண்மை அதுவே. மாற்றார் கருவூலத்தை அளந்தறிந்தவராதலால்தான் தமிழின் தனித்தன்மையை அவரால் துணிந்து நாட்ட முடிந்தது. அவர் தொகுத்த ஏறத்தாழ 4000 நூல்கள் அவர் விருப்பப்படியே பொதுவுக்கு வந்தன. அவற்றைக் கொண்டு சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையத்தை அமைத்தது.

செல்லப்பா என்னும் பெயர் கொண்ட மற்றொருவரையும் இங்கே நினைத்தல் தகும். யாழ்ப்பாணத்தில் க.மு. செல்லப்பா என்பார் 1933இல் தம் இல்லத்திலிருந்தே ஊரார்க்கு நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சிறு முயற்சியே யாழ்ப்பாணப் பொதுநூலகமாக வளர்ந்தது. 1981ஆம் ஆண்டு மே முடிந்து சூன் பிறந்த இரவில் அந்நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. எரிந்தவை ஏறத்தாழ 97,000. அவற்றுள் மறுபடி இல்லாத ஏடுகளும் இருந்தன. ஒரே இடத்தில், ஒரே படியாக, எவரும் படித்துப் பிறரிடம் சொல்லாத நிலையில் இருந்த நூல் எதுவோ, அது அன்றோடு மறைந்தது. படித்தவர் நெஞ்சிலும் படியெடுத்தவர் வீட்டிலும் இருந்தவை ஓரளவேனும் எஞ்சின.

இன்று நிலைமை வேறு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வாயிலாகவும் பிறவற்றின் வாயிலாகவும் சிந்தாமணி விலையின்றிக் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அன்று நூல் இல்லை, கேட்பவர் இருந்தார். இன்று நூல் இருக்கிறது, "படித்தீரா?" என்று கேட்கும் இராமசாமி முதலியார் எங்கே?

தைத் திங்களில் இவ்வூர்ப் பெருமாள் கோயில் விழாவில் வாழைப்பழங்களைச் சூறைவிடும் வழக்கத்தை இங்குள்ளார் அறிவர். கூடை கூடையாகக் கொண்டுவந்த பழத்தை எவரும் தமக்கென வைத்துக்கொள்வதில்லை. எறிந்ததைப் பிடித்தவர் இன்னார் என்று பார்ப்பதும் இல்லை. படித்ததையும் அவ்வாறு வீச வேண்டும். ஆனால் பழம் வீசுவோர் அழுகலை வீசுவதில்லை. நூலைப் பற்றிப் பேசுவோர் நூலின் முகவுரையை மட்டும் ஒப்புவித்தால் அது அழுகல்.

ஆகவே இக்கூட்டத்துக்கு வருவோர் சிலவற்றைக் கைக்கொள்ளுதல் நலம். ஒருவர் கால்மணிக்கு மேற் பேச வேண்டா. நூலின் கதையை முழுதும் சொல்ல வேண்டா; எவ்விடத்தில் உள்ளம் நின்றது, எவ்விடத்தில் விளங்கவில்லை என்பதைச் சொல்லுக. விளங்காததைச் சொல்லுவதே பெரிதும் பயனுடையது. இருப்பவருள் உழவர் ஒருவர்க்கோ நெசவாளர் ஒருவர்க்கோ அச்சொல் கைவந்த சொல்லாக இருத்தல் கூடும். அகரமுதலிக்கும் எட்டாத சொற்கள் வயலிலும் தறியிலும் வழங்குகின்றன. அவ்வாறு கிடைத்த சொல்லை அன்றே ஒரு குறிப்பேட்டில், யார் வாயிற் கேட்டது, எவ்வூரில் வழங்குவது என்பவற்றோடு எழுதி வைக்க வேண்டும். பெண்டிரும் பிள்ளைகளும் கூட்டத்தில் கேட்பவராக மட்டும் இராமல் பேசுபவராகவும் இருத்தல் வேண்டும். எழுத்தறியாத முதியவர் வந்தால் அவர்க்காக ஒரு பகுதி உரக்கப் படிக்கப்படல் வேண்டும்.

அடுத்த கூட்டத்திற்கு, படித்து முடித்த நூலை எவரும் கொண்டுவர வேண்டா. படித்துக்கொண்டிருக்கும் நூலை, நின்ற பக்கத்தில் ஓர் ஓலைத் துணுக்கை வைத்து, அப்படியே கொண்டுவருக.