பத்தாண்டுக் கெடு!

தோழரே! 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்க நாட்டு ஒஹையோ மாநிலத்திலே ஓர் ஆண்மகவு பிறந்தது. பிள்ளை பிறப்பதும் ஒரு செய்தியா என்பீர். அப்பிள்ளை கருவாகி உறையவைக்கப்பட்டது 1994ஆம் ஆண்டு மே திங்களில்! முப்பது ஆண்டுக்கு மேல் திரவ நைட்ரஜன் குளிரிலே துயின்ற கரு அது. அதனோடு உருவான இன்னொரு கருவோ அன்றே பெண்ணாகப் பிறந்து, இன்று முப்பது வயதைக் கடந்த நங்கையாக நடமாடுகிறது. எஞ்சியதைக் கொடையாக ஈந்தாள் ஒருத்தி. சுமந்து ஈன்றாள் மற்றொருத்தி.

நம் நாட்டிலே இது நடக்குமா? நடக்காது. சட்டம் குறுக்கே நிற்கிறது.

2021இல் இயற்றப்பட்டு, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தது உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம். அது சொல்வதைக் கேளுங்கள். சிகிச்சையில் எஞ்சிய கருவை அதே தம்பதியருக்கென்றே காத்துவைக்க வேண்டும். வேறொரு தம்பதியருக்கோ, வேறொரு பெண்ணுக்கோ பயன்படுத்தலாகாது. பத்தாண்டுக்கு மேல் வைத்திருப்பதும் ஆகாது. கெடு முடிந்ததும் அழியவிட வேண்டும். உரியவர் இசைந்தால் ஆய்வுக்கு வழங்கலாம்.

ஆய்வுக்கூடத்துக்குப் போகலாம்; அன்னையின் மடிக்குப் போகலாகாது! இது என்ன நீதி?

கரு எஞ்சுவது ஏன் என்று கேட்பீர்கள். ஒரு முறை சிகிச்சைக்குப் பல சினைமுட்டைகளை எடுக்கிறார்கள்; பல கருக்கள் உருவாகின்றன; வயிற்றில் வைப்பது ஒன்றோ இரண்டோ. மற்றவை குளிர்ப்பேழைக்குள் போகின்றன. இடையிலே ஒன்று சொல்லிவிடுகிறேன். 1978 அக்டோபர் 3ஆம் நாள் கல்கத்தாவிலே பிறந்த துர்கா என்ற குழந்தை, டாக்டர் சுபாஷ் முகர்ஜி உறையவைத்துக் காத்த கருவிலிருந்து பிறந்தவள். அன்றைய அரசு அமைத்த குழு அவரை நம்ப மறுத்தது. 1981இல் அவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். கருவை உறையவைக்கும் கலையில் உலகுக்கு முன்னே நடந்த நாடு, அந்தக் கருவை என்ன செய்வதென்று அறியாமல் விழிக்கிறது!

இன்னொரு விந்தையும் உண்டு. இதே சட்டம், பிறர் தந்த முட்டையையும் பிறர் தந்த விந்தையும் ஏற்க இடமளிக்கிறது. அவ்வாறு பிறக்கும் பிள்ளை, சிகிச்சை நாடிய தம்பதியரின் சொந்தப் பிள்ளையே என்கிறது. சொத்துரிமை உள்ளிட்ட எல்லா உரிமையும் தருகிறது. கொடையாளிக்குப் பெற்றோர் உரிமை எதுவுமில்லை என்கிறது. குருதி உறவு கேளாத சட்டம், கொடைகள் இரண்டும் கருவாகக் கலந்து கிடந்தால் மட்டும் கதவை அடைப்பானேன்? “யார் கருவோ, எக்குலமோ” என்று முணுமுணுப்போரும் உளர். இவர் பிள்ளை என்று சட்டமே சாற்றியபின், குலத் தராசைத் தூக்கிக்கொண்டு வருவானேன்?

அச்சம் ஒன்று உண்டு. அதை நான் எள்ளி நகையாட மாட்டேன். கொடை என்ற பெயரிலே வாணிகம் வளரும். ஏழைப் பெண்ணின் உடலைத் தரகர் விலைபேசுவர். மெய்தான். அதற்குத்தான் கரு விற்பனையைக் குற்றமாக்கி, முதல் முறை 5 முதல் 10 லட்சம் ரூபாய் அபராதமும், மீண்டும் செய்தால் 3 முதல் 8 ஆண்டுச் சிறையும் வைத்தார்கள். வைத்தது சரி. விற்பவனைச் சிறையில் தள்ளுங்கள். விலை வாங்காமல் தருபவளின் கையை ஏன் கட்டுகிறீர்கள்?

பிரிட்டனைப் பாருங்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டம் கருக்கொடையை ஏற்றது. சுமந்து பெற்றவளே தாய் என்றது. 2005 ஏப்ரல் 1க்குப் பின் கொடை தந்தவர் யார் என்பதை, பிள்ளை பதினெட்டு வயதில் கேட்டறியலாம். அங்கும் கெடு கடுமையாகத்தான் இருந்தது: ஐந்தாண்டு முடிந்ததென்று 1996இல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கருக்களை அழித்தார்கள். பின்னர் திருந்தினார்கள். 2022 ஜூலை முதல், பத்தாண்டுக்கொருமுறை இசைவைப் புதுப்பித்து, 55 ஆண்டு வரை காக்கலாம்.

இங்கே, 2022இல் உறையவைத்த கருவுக்குக் கெடு 2032. மருத்துவமனையில் வெறுங்கையோடு காத்திருக்கும் பெண்கள் ஒருபுறம். எஞ்சியதை மனமுவந்து தர முன்வரும் பெண்கள் மறுபுறம். இருவருக்கும் இடையே இருப்பது ஒரு பிரிவு, சில வரிகள். அதைத் திருத்தும் மசோதாவை நாடாளுமன்றத்திலே கொண்டுவரப்போகும் உறுப்பினர் யார், தோழரே?