சாலைக்கு முன் ஆய்வு: சட்டமாக வேண்டிய கோரிக்கை
(உரையின் எழுத்து வடிவம்)



தில்லியிலிருந்து ஆக்ராவுக்கும் அம்பாலாவுக்கும் செல்லும் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பருத்த தூண்கள் ஆங்காங்கே நிற்கின்றன. கோஸ் மினார் எனப்படும் இவை, முகலாயர் காலத்தில் வணிகர்களுக்கும் அஞ்சல்காரர்களுக்கும் தொலைவைக் காட்ட ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றாக எழுப்பப்பட்டவை. அரியானா மாநிலம் முஜேசர் கிராமத்தில் இருந்த மினார், ஒன்றிய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தது. 2024இல், அதனையும் சேர்த்து 18 சின்னங்கள் தேசிய முக்கியத்துவத்தை இழந்துவிட்டதாகக் கூறி, அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்க இந்தியத் தொல்லியல் துறை முடிவு செய்தது.

இது தனி நிகழ்வன்று. 50 சின்னங்களைக் காணவில்லை என 2022இல் நாடாளுமன்றக் குழுவிடம் பண்பாட்டு அமைச்சகம் ஒப்புக்கொண்டது. நகர விரிவாக்கத்தில் மறைந்தவை 14, நீர்த்தேக்கங்களில் மூழ்கியவை 12, இருக்குமிடமே தெரியாதவை 24.

பட்டியலில் உள்ளவற்றுக்கே இந்த நிலை என்றால், பட்டியலில் இடம்பெறாதவற்றின் கதி என்ன? 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ 3,700 சின்னங்களை மட்டுமே காக்கிறது. கோட்டைகளும் கோவில்களும் கல்லறை மாடங்களும் அவற்றில் மிகுதி. குயவரின் சூளையும், கொல்லரின் உலையும், உழவரின் குடியிருப்பும் பெயரற்ற மண்மேடுகளில் புதைந்துள்ளன. உழைக்கும் மக்களின் வரலாறு ஏட்டில் இல்லை. அந்த மண்ணில்தான் இருக்கிறது. சாலைக் கரையை உயர்த்த மண் வெட்டும் இயந்திரம் ஒரே இரவில் அதனை அழித்துவிடும்.

சாலை விரிவாக்கத்திற்கு முன் இத்தகைய இடங்களில் தொல்லியல் ஆய்வு நடத்த வேண்டும் என்ற பொதுவான சட்டக் கடமை இந்தியாவில் இல்லை. சுற்றுச்சூழல் அனுமதியின் வரம்பும் சுருக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்திற்கு அனுமதி தேவைப்பட்டது. 2013இல் அது 100 கிலோமீட்டராக உயர்த்தப்பட்டது.

மறுபுறம், பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்திற்குத் தடை உண்டு. அங்கு வாழும் ஏழை, தன் வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி பெற வேண்டும். ஆனால் ஒன்றிய அரசின் பொதுப்பணிகளுக்கு அத்தடையிலிருந்து விலக்களிக்கும் திருத்த மசோதாவை 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றியது. ஆக்ரா அருகே சிக்கந்தராவில், அக்பர் கல்லறைக்கு முன்னால் திட்டமிடப்பட்ட உயர்நிலைச் சாலை அதற்கான காரணங்களுள் ஒன்றாகக் காட்டப்பட்டது. மாநிலங்களவையில் எதிர்ப்பு எழுந்ததால் மசோதா தெரிவுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. சட்டம் யாருக்கு இறுகுகிறது, யாருக்கு நெகிழ்கிறது என்பதை இது காட்டுகிறது.

சாலை வேண்டாம் என்பது இடதுசாரிகளின் நிலைப்பாடன்று. ஐரோப்பிய நாடுகளின் 1992ஆம் ஆண்டு வாலெட்டா உடன்படிக்கை, ஆய்வுச் செலவைத் திட்டத்தின் கணக்கிலேயே சேர்க்கச் சொல்கிறது. சீனச் சட்டமும் பெரிய கட்டுமானங்களுக்கு முன் ஆய்வைக் கோருகிறது. அங்கெல்லாம் சாலைகள் நின்றுவிடவில்லை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. நிலம் கையகப்படுத்தும் முன்பே கள ஆய்வும், தேவையான இடங்களில் சோதனைக் குழிகளும் கட்டாயமாக்கப்பட வேண்டும். சாலைத் தடம் மட்டுமன்றி, மண் எடுக்கும் இடங்களும் ஆய்வில் அடங்க வேண்டும். செலவைத் திட்டமே ஏற்க வேண்டும். தொல்லியல் பயின்ற இளைஞர்களுக்கு நிரந்தரப் பணி வழங்க வேண்டும். ஆய்வறிக்கையை மாநில மொழியில் ஊராட்சிகளின் பார்வைக்கு வைக்க வேண்டும்.

இடித்த வீட்டுக்கு இழப்பீடு பெறலாம். அழித்த தடயத்தை மீட்க வழியில்லை. விரிவாக்கப் பணி வரும் ஒவ்வொரு ஊரிலும், நிலத்திற்கான போராட்டத்தோடு இக்கோரிக்கையையும் தோழர்கள் மக்களிடம் கொண்டு செல்ல வேண்டும்.